இளக்காரத்தில் கொதித்த குண்டான்

முசே தெசிரேவை உள்ளே விடாத இடங்கள் புதுச்சேரியில் ஆறாகிவிட்ட பிறகு, ஏழாவது இடமாக, யாரையும் தடுக்கும் யோக்கியதை தனக்கு இருப்பதாக ஒருநாளும் நினைத்திராத, தெருநாய்கூட வாசலில் நின்று யோசித்துவிட்டு நுழைகிற மகிழ்ச்சி பாருக்குள் அவர் ஒரு சித்திரை மாதத்துப் பகல் பதினொன்றரை மணிக்குக் கால் வைத்தார்.

அந்த ஆறு இடங்களும் அவரை வெளியேற்றியதற்கு ஒரே காரணம் அவருடைய வாய். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய சொல்தா அவர். ஜிபூத்திப் பாலைவன வெயிலில் நின்றவனுக்கு இந்த ஊரில் பார்க்க ஒன்றுமில்லை என்பார், பார்த்ததையெல்லாம் பழிப்பார். கடற்கரைக் கிளப்பில் தலைவருடைய பேத்தி ஆடி முடித்ததும், "பாவம், குழந்தைக்கு எறும்பு கடிச்சிடுச்சா?" என்று கேட்டார். மாதா கோயில் பாடகர் குழுவின் ஒத்திகையில், "மெழுகுவர்த்தியெல்லாம் தானா அணையுது பாருங்க, அதுங்களுக்கும் காது இருக்கு" என்றார். சொந்த மகள் வீட்டில், மருமகன் கடன்பட்டுக் கட்டிய மாடியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கூண்டு நல்லாத்தான் இருக்கு, புறா எப்ப வரும்?" என்றார். மற்ற மூன்று இடங்களில் சொன்னதை எழுதினால் இந்தக் காகிதமே என்னை வெளியே போ என்று சொல்லிவிடும். மனைவி மதலேன் இருந்தவரை, அவர் வாயைத் திறந்தால் கேட்பதற்கும் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதற்கும் ஒரு ஆள் இருந்தது. அவள் போய் நாலு வருஷம். அதிலிருந்து அவர் உள்ளே நுழைந்தால் தலைநிமிர்ந்து பார்க்கிற மனிதர் என்று உலகத்தில் ஒருவரும் இல்லை. அவருடைய கஷ்டம் அவ்வளவுதான், ஆனால் அது பெரிய கஷ்டம்.

மகிழ்ச்சி பாரைப் பற்றிச் சொல்ல நல்லதாக ஒரு சங்கதியும் கிடையாது. பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், தகரக்கொட்டகைச் சந்தின் கோடியில், ஒரு காலத்தில் உப்பு மூட்டை அடுக்கிய கிடங்கு அது. சுவர் இன்னமும் உப்பை வியர்த்துக்கொண்டிருந்தது. நாற்காலிகளில் பாதிக்குக் கால் மூன்று, மீதிக்குக் கம்பி வைத்துக் கட்டிய நாலாவது கால். மீன்தொட்டி ஒன்று இருந்தது, அதில் மீனுக்குப் பதில் பாட்டில் மூடிகள் நீந்தின. மின்விசிறி சுற்றுவது காற்றுக்காக அல்ல, தான் இன்னும் சாகவில்லை என்று காட்டிக்கொள்வதற்காக. கல்லாவில் உட்கார்ந்திருந்த கலிவரதன், வயிற்றுக்கு மேலே இன்னொரு வயிறு வைத்திருந்தவர், வாடிக்கையாளர் வந்தால் சந்தோஷமும் போனால் துக்கமும் இல்லாத ஞானி.

"இன்னா வேணும் முசே?" என்றார், தலையைத் தூக்காமல்.

"வேற கடை."

"அது பக்கத்துத் தெருவுல. இங்க இன்னா வேணும்?"

தெசிரே ஒரு பியர் சொன்னார். பியரோடு பொரிகடலையோ குடல் வறுவலோ வரும், அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று நாக்கைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். வந்தது வேறு. ஒரு தட்டில் கட்டைவிரல் நீளத்துக்கு ஆறு சுருள்கள். அரிசித்தாளில் இறாலும் பன்றிக்கறியும் காளானும் சுருட்டிப் பொன்னிறமாகப் பொரித்த நேம். கூடவே புதினா, கீரை, எலுமிச்சையும் மிளகாயும் போட்ட மீன் ஊறல். அதற்குப் பின்னால் ஒரு பெரிய கிண்ணத்தில், சுட்ட வெங்காயமும் அன்னாசிப்பூவும் மணக்க, வெள்ளை அரிசிச் சேவை மேல் தேன் நிறத்தில் எலும்புச்சாறு.

ஒரு சுருளைக் கீரையில் மடித்துக் கடித்தார். கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி உறிஞ்சினார். அப்போது நடந்ததை அவர் பிற்பாடு யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. மூன்று விநாடி, சரியாக மூன்றே விநாடி, அவருக்கு யார் மேலும் எந்தக் குறையும் இல்லாமல் போயிற்று. நடுரோட்டில் வேட்டி அவிழ்ந்த மனிதனைப் போல அவர் பதறிப்போனார். பதற்றத்தில் எழுந்து நின்று, கதவில்லாத சமையல்கட்டைப் பார்த்து, சந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"இது சூப்பா, இல்ல பிணத்தைக் குளிப்பாட்டின தண்ணியா? இதைச் சாப்பிட்டுட்டு இந்த ஜனங்க உயிரோட இருக்குதுன்னா, அதுங்க ஏற்கெனவே செத்துட்டதாத்தான் அர்த்தம். பார் முழுக்க நடமாடும் பிணம், அதுக்கு ஒரு சமையல்காரி!"

சமையல்கட்டில் மூன்று செங்கல் மேல் ஒரு பித்தளைக் குண்டான் இருந்தது. செங்கற்களுக்கு நடுவே நெருப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. தெசிரே 'பிணம்' என்றபோது குண்டானின் ஓரத்தில் முத்து முத்தாகக் குமிழ் வந்தது. 'சமையல்காரி' என்று முடித்தபோது குண்டான் தளதளவென்று கொதித்து, மூடி தாளம் போட்டது. பூனை எரிச்சலோடு எழுந்து வெளியே போயிற்று.

பாரில் இருந்த பதினோரு பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். கோபமாக அல்ல. கும்பாபிஷேகத்துக்கு வந்த யானையைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

"யம்மாடி," என்றான் பெயின்ட்டர் அஞ்சாபுலி, கிண்ணத்தோடு எழுந்து. "ஒரே மூச்சுல கொதிக்க வெச்சிட்டாருப்பா!"

கலிவரதன் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார். "முசே, நாளைக்கும் வர்றீங்களா? பியருக்குக் காசு வேணாம்."

சமையல்காரியின் பெயர் ரொசாலி. தகப்பனார் காரைக்கால்காரர், தாயார் சைகோன்காரி. பத்து வயதில் சண்டைக்குத் தப்பிக் கப்பலேறி வந்தவளுக்கு இப்போது அறுபது. சந்துக்கு அவள் சைகோன் அக்கா. குண்டான் அவள் தாயார் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. அது நெருப்பில் கொதிக்காது. அடுப்பில் ஏற்றினால் அடுப்பு அணைந்துவிடும், வேறு பாத்திரத்தில் அதே எலும்பைப் போட்டு அதே மசாலாவைப் போட்டால் ஆஸ்பத்திரிக் கஞ்சி மாதிரி ஒன்று வரும். அந்தக் குண்டான் கொதிப்பது இளக்காரத்தில் மட்டும்தான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேஸ் மிச்சம் என்று கலிவரதன் சொன்னார், அதோடு அந்த விசாரணை முடிந்தது. ரொசாலி மட்டும் ஒருமுறை சொன்னாள்: "அம்மா இருந்தவரைக்கும் கஷ்டமே இல்ல. எங்க வீட்டுக்காரரு காலையில எழுந்து நடந்து போனாலே போதும், அம்மா ஒரு பார்வை பாக்கும், சாறு கொதிச்சிடும்." அந்த வீட்டுக்காரர் ஒருநாள் நடந்து போனவர் அப்படியே நடந்து போய்விட்டார். பிறகு தாயாரும் போனபின் குண்டானைத் தூக்கிக்கொண்டு, இளக்காரம் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிற இடம் எது என்று ஊரெல்லாம் தேடித்தான் ரொசாலி இந்த பாருக்கு வந்து சேர்ந்தாள்.

ஆனால் குடிகாரர்களை நம்பிச் சமைப்பது லேசான காரியமில்லை. அவர்களுக்குக் கோபம் வரும், குண்டானுக்குக் கோபம் ஆகாது, சாறு புகைந்துபோகும். பொறாமைப்பட்டால் புளித்துப்போகும். அழுதுகொண்டே திட்டினால் உப்புக் கரிக்கும். சுத்தமான, கலப்படமில்லாத, ஒரு மனிதனைப் பார்த்து இவன் எதற்குமே லாயக்கில்லை என்று மனதார நினைக்கிற இளக்காரம் வாரத்துக்கு இரண்டு நாள் கிடைத்தால் பெரிது. தெசிரே முதல் நாள் குடித்தது அப்படிக் கொதித்ததில் மிஞ்சிய கடைசிக் கிண்ணங்களில் ஒன்று. மற்ற நாளெல்லாம் சந்து சூப்பில்லாமல் சுண்டலைத் தின்றது.

தெசிரே வந்தபின் தினமும் சூப்பு.

அவருக்கென்று ஒரு நாற்காலிக்கு மரக்காலே வைத்துக் கொடுத்தார்கள். பதினொரு மணிக்கு அவர் சந்துமுனையில் தென்பட்டாலே, "வர்றாரு, வர்றாரு" என்று கிண்ணங்கள் வரிசைக்கு வந்துவிடும். அவர் உட்காருவார், கைத்தடியைச் சாய்த்து வைப்பார், எதிரே இருப்பவரை மெதுவாகப் பார்ப்பார்.

"அஞ்சாபுலி."

"சொல்லு முசே."

"நீ பெயின்ட் அடிச்ச சுவரையெல்லாம் பார்த்தேன். வீட்டுக்காரன் உன்ன என்ன சொன்னான்? சுவத்துக்கு நோய் வந்த மாதிரி வேணும்னு கேட்டானா?"

குண்டானில் குமிழ் கிளம்பும். அஞ்சாபுலி பெருமையோடு சுற்றிப் பார்ப்பான். அன்றைய சூப்பு அவனால் கொதித்தது என்பது சின்ன விஷயமா. திட்டு வாங்குவதற்கு ஆட்கள் முறை வைத்துக்கொண்டார்கள். சவரக்கடைக்காரர் தன் மச்சானை அழைத்துவந்து, "இவனைக் கொஞ்சம் பாருங்க முசே, அரை மணி நேரத்துக்குத் தாங்குவான்" என்று சிபாரிசு செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் வந்தார்கள், முதலில் புருஷன்மாரைத் தேடி, பிறகு தூக்குவாளியோடு, அதற்கும் பிறகு மாமியாரை ஒரு கையிலும் தூக்குவாளியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு. மாமியார் மருமகள் ஜோடி ஒன்று எதிரெதிரே உட்கார்ந்தால், ஒரு வார்த்தை பேச வேண்டாம், மருமகள் வெங்காயம் உரிப்பதை மாமியார் பார்த்தால் போதும், நாற்பது கிண்ணத்துக்குச் சாறு இறங்கும்.

சுகாதார அதிகாரி ஒருவர் வந்து, சூப்பு கொதிக்கிற அடுப்பு எங்கே என்று கேட்டார். பூனையைக் காட்டினார்கள். குறித்துக்கொண்டு ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அரசியல்வாதிகளை ஒருமுறை பரீட்சை பார்த்தார்கள். இரண்டு கட்சியின் வட்டச் செயலாளர்கள் எதிரெதிர் மேஜையில் நின்றுகொண்டு ஒரு மணி நேரம் ஒருவரையொருவர் கிழித்தார்கள். குண்டான் பச்சைத்தண்ணீராகக் கிடந்தது. பிறகு இருவரும் ஒரே ஆட்டோவில் கிளம்பிப் போனார்கள். கவிஞர்கள் பரவாயில்லை, ஒருவர் கவிதையை இன்னொருவர் வாசிக்கக் கேட்டாலே கொதி வந்துவிடும், ஆனால் அடி பிடித்துவிடும், தேய்த்துக் கழுவ இரண்டு நாளாகும். ஓய்வுபெற்ற பேராசிரியர்கள்தான் உத்தமம். மெல்லிய தணல் போலச் சாயங்காலம் வரை சீராக எரிவார்கள்.

பாராட்டுதான் விஷம். செல்போனைக் குச்சியில் மாட்டிக்கொண்டு சென்னையிலிருந்து வந்த ஒருவன், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "மக்களே, வேற லெவல்! தெய்வீகம்!" என்று கத்தினான். குண்டான் மூன்று நாள் பனிக்கட்டியாகக் கிடந்தது, மூடியைத் திறந்தால் குளிர்காற்று வந்தது, கலிவரதன் அதில் பியரை வைத்துச் சமாளித்தார். நாலாம் நாள் அஞ்சாபுலி சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதினான்: 'உணவைப் புகழக் கூடாது. மீறுவோர் வெளியேற்றப்படுவர்.' அதன்பின் சந்து முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிடக் கற்றது. "கர்மம், கர்மம்" என்று தலையில் அடித்துக்கொண்டு கிண்ணத்தை மறுபடி நீட்டினார்கள். குழந்தைகள் வீட்டில் அம்மா சமையல் பிடித்துப்போனால் காறித் துப்பின. வெளியூர்க்காரர்களுக்கு இந்தச் சந்து மரியாதை தெரியாத சந்து என்று பெயர். வெளியூர்க்காரர்களைப் பற்றிச் சந்தின் அபிப்பிராயம் அதைவிட மோசம், நல்லவேளையாக.

இப்படி மூன்று மாதம் போயிற்று. கேடு எங்கிருந்து வந்ததென்றால், சூப்பிலிருந்தே வந்தது.

தினமும் ஒரு கிண்ணம் அந்தச் சாறு உள்ளே போனால் எப்படிப்பட்ட கல்லும் ஊறும். ஒருநாள் அஞ்சாபுலி வரவில்லை, "எங்க அந்தச் சுவத்து வியாதி?" என்று தெசிரே கேட்டார். அவன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார்கள். "எத்தனை டிகிரி?" என்று கேட்டுவிட்டார். கேட்ட மாத்திரத்தில் குண்டானில் ஒரு குமிழ் உடைந்து அடங்கியதை அவரைத் தவிர ஒருவரும் பார்க்கவில்லை. கலிவரதனுடைய இரண்டு வயிறும் அவருக்கு இப்போது பழகிப்போயின, பிடித்தும்போயின. ராத்திரி வீட்டில் உட்கார்ந்து ஒரு நோட்டில் மறுநாளைக்கான ஏச்சை எழுதி மனப்பாடம் பண்ண ஆரம்பித்தார். குண்டான் மனப்பாடத்துக்கு ஏமாறாது. வெதுவெதுப்பாகும், கொதிக்காது. ஒப்பேற்றியது பேராசிரியர்கள்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே ரொசாலி. அவள் யாரையும் ஒரு வார்த்தை சொல்லி அவர் கேட்டதில்லை. நெஞ்சுவரை சாம்பல் துணி கட்டிக்கொண்டு, அரிசித்தாளை ஈரத்துணியில் ஒற்றி, இறாலை வைத்து, மூன்று மடிப்பில் சுருட்டுவாள். விரல்கள் போகிற வேகத்தில் ஒரு குறை சொல்ல இடம் இருக்காது. அவர் கிண்ணத்தில் மட்டும் கூடுதலாக ஒரு துண்டு எலும்பு கிடக்கும். மஜ்ஜையோடு. அதற்கு என்ன அர்த்தம் என்று தெசிரே பல பகல்கள் யோசித்தார். தலை நரைத்த, மூட்டு வலிக்கிற, மகள் வீட்டு வாசலை மிதிக்க முடியாத அறுபத்தெட்டு வயது மனிதரால் ஒரு துண்டு எலும்பிலிருந்து எவ்வளவு தூரம் யோசிக்க முடியுமோ அவ்வளவு தூரம் போனார்.

ஆடி மாதம் பிறந்ததும் ஒருநாள் ரொசாலியே வெளியே வந்து அவர் மேஜைப் பக்கம் நின்றாள்.

"முசே, நாளைக்கு எங்கம்மா செத்த நாள். சைகோன் வழக்கப்படி அம்மாவுக்குப் படைக்கணும். ஒரு ஊதுபத்தி ஏத்துவேன், அது எரிஞ்சு முடியறதுக்குள்ள கொதிக்கக் கொதிக்க ஒரு கிண்ணம் படத்துக்கு முன்னால வெச்சிடணும். பத்தி அணைஞ்சிட்டா அம்மா எழுந்து போயிடும். அப்புறம் அடுத்த வருஷம்தான். பேராசிரியருங்க மதுரைக்கு ஏதோ மாநாடுன்னு போயிட்டாங்க. உங்கள நம்பித்தான் இருக்கேன்."

உங்களை நம்பித்தான் இருக்கேன் என்று தெசிரேவிடம் ஒரு மனிதப்பிறவி சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று ராத்திரி அவர் நோட்டைத் திறக்கவே இல்லை.

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு பார் நிறைந்து சந்து வழிந்தது. சுவரில் கிழவியின் படம். செத்தும் அந்தக் கண்ணில் மருமகனைத் தேடும் பார்வை போகவில்லை. ரொசாலி ஊதுபத்தியை ஏற்றிப் படத்துக்கு முன்னால் மணலில் நட்டாள். குண்டான் அசையவில்லை. பூனை செங்கற்களுக்கு நடுவே நிம்மதியாகத் தூங்கிற்று.

தெசிரே எழுந்தார். "கலிவரதா! உன் பாரைப் பார்த்தா பன்னிகூட மூக்கைப் பொத்திக்கும்!"

பார் முழுக்கச் சிரித்தது. கலிவரதன் வயிறு குலுங்கச் சிரித்தார். "முசே இன்னிக்கு நல்ல மூடுல இருக்காருப்பா!"

"அஞ்சாபுலி, உன் மூஞ்சியும் நீ அடிக்கிற பெயின்ட்டும்..."

"புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு முசே," என்றான் அவன், கண் கலங்க. "நீ கேட்டியாமே, சொன்னாங்க."

குண்டான் தொட்டால் சில்லென்றிருந்தது. பத்தி பாதி போயிற்று. சவரக்கடைக்காரர் மச்சானை முன்னால் தள்ளினார். தானே அவனைத் திட்ட வாயைத் திறந்தவர், "இல்லப்பா, நல்லவன்தான், தங்கச்சிய நல்லா வெச்சிருக்கான்" என்று மூடிக்கொண்டார். மாமியாரும் மருமகளும் கைகோத்து உட்கார்ந்திருந்தார்கள், பார்க்கவே கேவலமாக இருந்தது. மூன்று மாதம் ஒரே குண்டானில் சாப்பிட்டு ஒட்டுமொத்தச் சந்தும் ஒருவருக்கொருவர் பிடித்துப்போன நிலைக்குச் சீரழிந்து கிடந்தது. ஒரு துளி இளக்காரத்துக்கு நாதியில்லை.

பத்தி இரண்டு விரற்கடை மிச்சம். ரொசாலி யாரையும் பார்க்கவில்லை, படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், அவள் கையில் வெறும் கிண்ணம் இருந்தது.

அந்தக் கிண்ணத்தைப் பார்த்ததும் தெசிரேவின் மனதுக்குள் இருந்தது, திட்டமில்லாமல், இடமறியாமல், வெளியே வந்து விழுந்தது. ஆனால் அறுபத்தெட்டு வருஷம் ஒரே மாதிரி பேசிய வாய், அதற்கு வேறு மாதிரி வராது.

"மதாம் ரொசாலி, சும்மா எதுக்கு இந்தக் குப்பையில நின்னு கஷ்டப்படணும்? என்னக் கட்டிக்குங்க. எனக்கு பிரான்சு பென்ஷன் இருக்கு. வீட்டுல கேஸ் அடுப்பு இருக்கு. இந்த வயசுல உங்களையும் ஒருத்தன் கேக்கறான்னா நீங்க சந்தோஷப்படணும்."

ரொசாலி திரும்பினாள். அவரை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை ஒரு தடவை பார்த்தாள். சுவரில் இருந்த கிழவியின் கண்ணும் மகளின் கண்ணும் ஒன்றுதான் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. குண்டானின் அடியில் எங்கோ ஒரு முனகல் கேட்டது.

"நீங்க பட்டாளத்துல இன்னா பண்ணீங்கன்னு எனக்குத் தெரியும் முசே," என்றாள், குரலை உயர்த்தாமல். "எங்க சித்தப்பாவும் உங்க பட்டாளத்துத் துணிக் கிடங்குலதான் இருந்தாரு. பதினேழு வருஷம் காலுறை எண்ணினீங்க. எண்ணினது தப்பில்ல, யாராவது எண்ணித்தான் ஆகணும். ஆனா நீங்க ஒரு காலுறைய துவைச்சதில்ல, தெச்சதில்ல, அத மாட்டிக்கிட்டு எங்கயும் நடந்து போனதும் இல்ல. எவன் எதச் செஞ்சாலும் பக்கத்துல நின்னு எண்ணிட்டு, ஒண்ணு குறையுதுன்னு சொன்னீங்க. இன்னிக்கு வரைக்கும் அதான் உங்க வேல."

பூனை எழுந்து உட்கார்ந்தது. குண்டான் ஓரத்தில் முத்துக் கட்டியது.

"மதலேன் என்கிட்டதான் மீன் ஊறல் வாங்க வருவா. இருபத்தெட்டு வருஷம் உங்களுக்குச் சமைச்சா. அவரு இன்னா சொன்னாருன்னு கேப்பேன். ஒண்ணும் சொல்லலக்கா, தட்ட நல்லா வழிச்சிட்டாரு, அதுலயே தெரிஞ்சிக்க வேண்டியதுதான்னு சிரிப்பா. வழிச்ச தட்டப் பாத்துப் பாத்தே செத்தா. இப்ப என் தட்ட வழிக்க வந்திருக்கீங்க. நீங்க கெட்டவரா இருந்தாலாவது ஒரு பயம் இருக்கும். நீங்க கெட்டவர்கூட இல்ல முசே. எலும்பு எதுக்குப் போட்டேன்னு நெனச்சீங்க? வாய்க்குள்ள ஏதாவது இருந்தா கொஞ்ச நேரம் மூடிக்கிட்டு இருப்பீங்கன்னுதான்."

மூடி கூரைக்குப் பறந்தது. குண்டான் கொதித்த கொதியில் மீன்தொட்டித் தண்ணீர் நடுங்கி, பாட்டில் மூடிகள் சுழன்றன, சுவரின் உப்பு உதிர்ந்தது, பூனை மூன்று வீடு தாண்டிப் போய்த்தான் நின்றது. ரொசாலி கிண்ணத்தை அள்ளிப் படத்தின் முன் வைத்தபோது பத்தியில் அரை விரற்கடை மிச்சமிருந்தது. புகை கிண்ணத்தின் மேல் வளைந்து, மோந்து, அங்கேயே நின்றது. கிழவி சாப்பிட்டாள். படத்தில் அவள் முகம் கொஞ்சம் சுளித்ததாக அஞ்சாபுலி சொன்னான். அந்தச் சந்தில் அதற்கு என்ன பொருள் என்று எல்லாருக்கும் தெரியும்.

தெசிரேவுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. அதில் எலும்பு இல்லை. தன்னைப் பற்றிய அசல் இளக்காரத்தில் வெந்த சாற்றை அவர் கடைசிச் சொட்டு வரை குடித்தார். கிண்ணத்தை வழிக்கவில்லை. கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"நல்லா இருக்கு," என்றார்.

கலிவரதன் எழுந்தேவிட்டார். சுவரில் எழுதியிருக்கிறது, விதி விதிதான், வெளியேற்றியாக வேண்டும். எல்லாரும் குண்டானைப் பார்த்தார்கள். குண்டான் கொதித்துக்கொண்டே இருந்தது. ரொசாலிக்கு அவர் மேல் இருந்த இளக்காரம் அவ்வளவு கனமானது, ஒரு பாராட்டால் அதை அசைக்க முடியவில்லை. அன்று ராத்திரி வரை அது அடங்கவே இல்லை. நூற்றெழுபது கிண்ணம் ஊற்றினார்கள், சந்து கர்மம் கர்மம் என்று தின்றுதீர்த்தது.

மறுநாள் தெசிரே வரமாட்டார் என்று நினைத்தார்கள். ஏழாவது இடமும் முடிந்தது என்று அவரும்தான் நினைத்தார். ஆனால் பத்தரை மணிக்கு அவருடைய கதவைத் தட்டியது கலிவரதன், பின்னால் அஞ்சாபுலி, அவனுக்குப் பின்னால் கிண்ணங்களோடு பாதிச் சந்து.

"முசே, குண்டான் ஆறிப்போய்க் கெடக்குது. வந்து சைகோன் அக்காகிட்ட இன்னொரு தடவ கேளுங்க."

"என்னய்யா விளையாடறீங்களா? மானம் போயி நிக்கறேன்."

"போனது போச்சு," என்றான் அஞ்சாபுலி. "சூப்பாவது மிஞ்சட்டும்."

அவர் போனார். கேட்டார். ரொசாலி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நேற்று சட்டையாவது இஸ்திரி போட்டிருந்தீங்க என்றாள். கொதித்தது.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. தினம் பகல் பதினொரு மணிக்கு முசே தெசிரே குளித்து, கோட்டுப் போட்டு, சமையல்கட்டு வாசலில் நின்று, என்னைக் கட்டிக்கிறீங்களா மதாம் என்று கேட்பார், அவள் அவருடைய ஏதாவது ஒரு அம்சத்தைக் கையிலெடுத்து, காதையோ, நடையையோ, அவர் கேட்ட தோரணையையோ, நாலு வார்த்தையில் கொன்று கீழே போடுவாள், சூப்பு தயாராகும். அவர் சாப்பிட்டுவிட்டு நல்லா இருக்கு என்பார். அந்தச் சந்தில் அப்படிச் சொல்ல உரிமை உள்ள ஒரே ஆள் அவர்தான். கல்யாண வீட்டுக்காரர்கள் முன்பதிவு செய்தார்கள். சுகாதார அதிகாரி குடும்பத்தோடு வந்தார். ஒரு பாதிரியார், இதைவிட ஒழுங்காக ஜெபம் சொல்கிற ஆளைத் தன் பங்கில் பார்த்ததில்லை என்றார்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மழை பிடித்துக்கொண்ட பகலில், அவர் நனைந்த கோட்டோடு வந்து நின்று வழக்கம்போலக் கேட்டார். ரொசாலி வழக்கம்போலப் பார்த்தாள். "நாய் நனைஞ்ச மாதிரி வந்து நிக்கறீங்க," என்று ஆரம்பித்தாள். குண்டான் கொதிக்கவில்லை.

ஒரு நிமிஷம். மூன்று நிமிஷம். கலிவரதன் கல்லாவை விட்டு இறங்கி வந்தார். அஞ்சாபுலி குண்டானைத் தட்டிப் பார்த்தான், காதை வைத்துக் கேட்டான். "இன்னாக்கா ஆச்சு? நல்லா திட்டுக்கா!" வரிசையில் நின்ற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். சந்துக்குச் சோறு போடுகிற இளக்காரம் குறைந்துபோகிறதென்றால் சின்ன விஷயமா? ரொசாலி தேவைக்கு மேல் கவனமாகத் தலையைக் குனிந்து, ஏற்கெனவே நறுக்கிய வெங்காயத்தை மறுபடி நறுக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் மெல்ல, அரைமனதாக, ஓரத்தில் முதல் குமிழ் வந்தபோது பதினோரு நிமிஷம் ஆகியிருந்தது.

"சனியன் பிடிச்ச குண்டான்!" என்று முசே தெசிரே எல்லாருக்கும் கேட்கும்படி திட்டினார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, அந்தப் பதினோரு நிமிஷத்தையும் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், மறுபடியும் எண்ணினார். ஒன்றுகூடக் குறையவில்லை.